அரைக் கட்டை

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு தொடங்கும்போது மணி மூன்று முப்பத்தெட்டு. கம்ப்யூட்டரில் ஓடுவதற்கு ஏது பக்கம், ஆனாலும் நெகேமியாவுக்கு அது இன்னமும் இரண்டாம் பக்கம்தான். மூன்றாவது பாட்டு முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட எழுந்துகொள்ளப் பார்த்து, பாதியில் நின்று, தண்ணீர் குடிக்க எழுந்தவன் மாதிரி அடுக்களைக்குப் போய்விட்டு வந்தான். எப்சி அக்கா கவனிக்கவில்லை. முறத்தில் முருங்கைக்கீரையைப் பரப்பி வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்னும் மூன்று பாட்டு, இருபத்திரண்டு நிமிஷம். நாலு மணிக்குப் பெங்களூரிலிருந்து மிருணாளினி என்கிற அந்தப் பெண் போன் செய்வாள். வந்த காலத்தில் யாரும் சீண்டாத இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடுகிற சின்னக் கம்பெனி அவளுடையது. 'மேடம் ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டு ஓகே சொல்லிட்டாங்கன்னா சாயங்காலமே ஃபேக்டரிக்கு அனுப்பிருவேன் சார்' என்று காலையில் சொல்லியிருந்தாள். மேடம் என்றால் அக்கா, ஹெப்சிபா, எழுபத்தாறு வயது. நாற்பது வருஷத்துக்கு முன்னால், எண்பத்திரண்டில், அவளுக்கு முப்பத்தாறும் அவனுக்குப் பத்தொன்பதும் ஆனபோது இருவரும் சேர்ந்து செய்த ஒரே ஒரு இசைத்தட்டு அது. 'ஈரச் சுவர்' என்று பெயர். பாடியது அவள். மற்றதெல்லாம், சிந்தசைசர், தானாகத் தாளம் போடுகிற ரிதம் பாக்ஸ், பாட்டின் வரிகள்கூட, அவன். இப்போது ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருக்கிற குரல் அக்காவின் குரல் இல்லை. இந்த உலகத்தில் அதை அறிந்த ஒரே ஆள் அவன். நாலு மணிக்குள் அவளிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் குரல் இன்னொரு முறை அச்சாகும், அவள் பெயரைத் தாங்கி, இந்தத் தடவை ஊர் ஊராக, கடல் தாண்டி.

இல்லை என்று சொல்வதும் முழு நிஜமில்லையே என்று நினைத்தான். அவள் தொண்டையிலிருந்து வந்ததுதான். வருகிற வழியில் அரைக் கட்டை ஏறிவிட்டது, அவ்வளவுதான். ஹார்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் ஒட்டினாற்போல இருக்கும் கறுப்புக் கட்டைக்கும் உள்ள தூரம். சொல்லும்போது சின்னதாக இருக்கிறது. அரைக் கட்டை. யாரும் சண்டை போடுகிற தூரமா அது. ஆனால் குரல் என்பது ஸ்வரம் மட்டும் இல்லையே, குரலுக்கு ஒரு உடம்பு இருக்கிறது, நெஞ்சுக்கூடு இருக்கிறது, அது எல்லாமும் சேர்ந்து சுருங்கிவிடுகிறது. வெந்நீரில் போட்டு எடுத்த கம்பளி மாதிரி. அன்றைக்குப் பெரம்பூரில் அவர்கள் கோயில் பாடகர் குழுவில் அக்கா நின்றால் ஆண்கள் பக்கத்தில் ஒரு ஆள் குறைவாக இருந்தாலும் தெரியாது, அப்படி ஒரு அடிக்குரல், கருப்பட்டி நிறத்தில். சனிக்கிழமை சாயங்காலங்களில் மவுண்ட் ரோடில் ஒரு ஹோட்டலில் பாடப் போவாள். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் தங்கள் கோயில் பாட்டிலிருந்து பிறப்பித்துக்கொண்ட இசை, சோல் என்று சொல்வார்கள், அதுதான் அவளுக்கு வரும். வெள்ளிக்கிழமை ராத்திரி உபவாச ஜெபத்தில் அழுதுகொண்டே பாடுகிற அம்மாவின் பெண்ணுக்கு அந்தப் பாட்டு வருவதில் என்ன அதிசயம். தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அர்த்தம் பாதி புரியாமலே பாடுவாள், புரிந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவளுக்குக் காப்பி கொண்டு வருகிற சர்வர் ஒருவர், கிட்டத்தட்ட அப்பா வயது, ஒரு நாள் கோப்பையை வைத்துவிட்டு, 'அம்மா, நீங்க பாடறது என்ன பாஷைன்னு எனக்குத் தெரியாது, ஆனா எங்க வீட்டுல நடந்ததைத்தான் பாடறீங்க' என்றார். அதை அக்கா வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். நெகேமியா சிரிக்கவில்லை. அந்தக் குரலைத் தமிழில் பாட வைக்க வேண்டும், சினிமா மாதிரி இல்லாமல், கோயில் மாதிரியும் இல்லாமல், யாரும் இதுவரை கேட்டிராத மாதிரி, என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அல்லது பிறகு தோன்றியதை அன்றைக்குத் தோன்றியதாக வைத்துக்கொண்டானோ. அவளுடைய குரலைத் தமிழில் கேட்க ஆசைப்பட்டானா, தன்னுடைய சிந்தசைசருக்கு ஒரு குரல் வேண்டியிருந்ததா. இதை எத்தனை தடவை கேட்டுக்கொண்டாயிற்று. பல்லில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு அங்கேயேதான் போகிறது.

"இதென்னடா, தண்ணி லாரி பின்னாடி வர்ற மாதிரி ஒரு சத்தம்?" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

"ரிதம் பாக்ஸ்க்கா. அன்னிக்கு மெட்ராஸ்லயே நாலு பேருகிட்டதான் இருந்துச்சு."

"நாலு பேரும் பொழைச்சாங்களா?"

சிரித்துவிட்டான். ரேஷன் கடைப் பாட்டுதான் அது. வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிடும் பெயர்களை மட்டும் வைத்துப் பண்ணிய பாட்டு, பாக்கியம், மும்தாஜ், செல்லத்துரை, கார்டு எங்கே கார்டு எங்கே, பாமாயில் தீந்துபோச்சு. அக்காவும் சிரித்தாள். "இதையெல்லாம் பாட்டுன்னு நீ எழுதிக் குடுத்தே, நானும் பாடியிருக்கேன் பாரு. கடைசிப் பாட்டை மட்டும் பாஸ்டர் கேட்டிருந்தா என்னைத் திருவிருந்துக்கே விட்டிருக்க மாட்டாரு." ஆய்ந்த கீரையைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள். பாட்டு நடுவில் அந்தக் குரல் மும்தாஜ் என்று நீட்டிய இடத்தில் அவள் கை ஒரு கணம் நின்றதை அவன் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. வேண்டாத சொந்தக்காரரை வீதியில் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நடக்கிறவர்களின் முகம். இப்போது சொல்லலாம். சிரிப்பு இன்னும் அறைக்குள் இருக்கிறது, இந்தச் சிரிப்போடு சிரிப்பாக, அக்கா ஒரு வேடிக்கை தெரியுமா என்று ஆரம்பிக்கலாம். வேடிக்கையா. நாற்பது வருஷம் ஊறிய ஒன்றை வேடிக்கை என்று எடுத்து வைத்தால் அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது. வேண்டாம், அடுத்த பாட்டு ஆரம்பிக்கட்டும். மூன்று நாற்பத்து நாலு.

இரண்டாவது பாட்டுக்கு வார்த்தையே கிடையாது, மூச்சும் முனகலும்தான், பின்னால் சிந்தசைசர் ஒரே ஸ்வரத்தில் நிற்கும். நிற்கும். நிக்குது சார். அங்கே வந்தாயிற்று. எந்த வழியாகக் கிளம்பினாலும் கடைசியில் வந்து சேர்கிற இடம். சாலிகிராமத்தில் அந்தச் சின்ன ஸ்டுடியோ, மே மாதம், மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. வாத்தியங்களை முந்தின வாரமே நல்ல கரண்டில் பதிந்து வைத்திருந்தார்கள். அக்கா பாட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அந்த டேப்பை ஓட்டி, ஹெட்ஃபோனில் வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டே அவள் பாடினால் குரல் அதே டேப்பில் பக்கத்தில் ஏறிக்கொள்ளும். இன்ஜினியர் பத்ரி சார் கரண்ட் வரட்டும் என்று ஒரு மணி நேரம் பார்த்தார். வரவில்லை. ஆறு மணிக்கு ஒரு சினிமாக் கம்பெனி உள்ளே வந்துவிடும், அதை விட்டால் ஸ்டுடியோ கிடைக்க இரண்டு மாதம் ஆகும். ஜெனரேட்டரைப் போட்டார்கள். முதல் பாட்டு ஓடத் தொடங்கியதுமே நெகேமியாவுக்குக் காதில் இடித்தது. அவனே வாசித்தது, அவனுக்குத் தெரியாதா, அவன் விரல் வைத்த இடத்துக்கு அரைக் கட்டை கீழே கேட்டது, கொஞ்சம் சோம்பலாகவும். பத்ரி சாருக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும். அவருக்கு அன்றைக்கு ஜலதோஷம், ஒரு காது அடைத்திருந்தது. 'தம்பி, வெளில போய் ஜெனரேட்டர் மீட்டரைப் பாரு, முள்ளு அம்பதுல நிக்குதா சொல்லு. அம்பதுக்குக் கீழ போனா மெஷின் மெதுவா ஓடும்' என்றார். பின்கட்டில், வேப்பமரத்தடியில், டீசல் புகையில், கண்ணாடி போட்ட மீட்டருக்குள் முள் நாற்பத்தேழில் நின்றது. நடுங்கிக்கொண்டு கூட இல்லை, அசையாமல், தெளிவாக, நாற்பத்தேழு. அவன் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்? இரண்டு விநாடி இருக்குமா. டேப் மெதுவாக ஓடும்போது பாடினதை நாளைக்குச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாடினது மட்டும் மேலே ஏறிவிடும் என்பது அவனுக்குத் தெரியுமா அந்த இரண்டு விநாடியில்? தெரியும். இதில் மட்டும் அவன் தனக்குச் சலுகை கொடுத்துக்கொண்டதில்லை. தெரியும், ஆனால் அறிவுக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் என்பதுதான் வயிற்றுக்குத் தெரிந்தது. இரண்டு மாதத்தில் இரவல் வாங்கிய சிந்தசைசர் போய்விடும், அப்பா வங்கிப் பரீட்சைக்கு உட்காரவைத்துவிடுவார், அக்காவே மனசு மாறலாம். உள்ளே தலையை மட்டும் நீட்டி, 'நிக்குது சார், அம்பதுலதான் நிக்குது' என்றான். அவர் நம்பினார். ஏன் நம்ப மாட்டார். காது அடைத்தவர் கண்ணுக்கு ஆள் அனுப்பினார், போன கண் பொய் சொல்லிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு, 'நெகி, இன்னிக்குப் பாட்டு என் தோள்ல வந்து உக்காந்துக்கிச்சுடா, அவ்வளவு அடக்கமா இருக்கு' என்றாள். ஆறு பாட்டையும் ஒரே மூச்சில் பாடினாள். அந்த அறையில் அன்றைக்குக் கேட்டது, கருப்பட்டிப் பாகு காய்ச்சுகிற மாதிரி, கெட்டியாக, நிதானமாக. கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவருக்குக் காது அடைப்பு. ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். முழுசாகக் கேட்டவன் ஒருவன்தான், அவனும் அதைக் கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், இப்போது போல.

வார்த்தையில்லாத பாட்டில் அந்தச் சுருங்கின குரல் மூச்சு வாங்குகிறது. மூச்சுகூட வேகமாக, சின்னப் பிராணி மாதிரி. அக்கா கீரைக் காம்புகளைத் தனியாக ஒதுக்குகிறாள். தட்டு வந்த நாளும் இப்படி ஒரு மத்தியானம்தான். அட்டைப் பெட்டியைப் பிரித்து, மேலே தூசி இல்லாத புதுத் தட்டை எடுத்து, அப்பா, அம்மா, எதிர் வீட்டு ஜெயராணி டீச்சர் எல்லோரும் உட்கார்ந்திருக்க அவன்தான் ஊசியை இறக்கினான். முதல் வரியிலேயே அம்மா அவளைப் பார்த்தாள், அவள் நெகேமியாவைப் பார்த்தாள். டீச்சர்தான் சொன்னாள், நல்ல மனசோடுதான் சொன்னாள், 'அய்ய, பொம்மை பாடற மாதிரி எவ்ளோ கியூட்டா இருக்கு எப்சி.' எல்லோரும் போன பிறகு அக்கா மொட்டைமாடிக்கு வந்தாள், துணி எடுக்கிற சாக்கில். 'நெகி, நான் இப்படியாடா பாடறேன்?' என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அவன் சொல்லியிருக்கலாம். ஐந்நூறு தட்டும் அடித்து வந்தாயிற்று, ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் அவளுக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம், சொல்ல ஒரே வாக்கியம்தான் தேவை. அதற்குப் பதிலாக அவன் வாயிலிருந்து வந்தது ஒரு உண்மை. அதுதான் மன்னிக்க முடியாதது. 'எல்லாருக்கும் அப்படித்தான்க்கா. நம்ம குரலை நாம உள்ளேயிருந்து கேக்கறோம். மைக்ல கேட்டா வேற யாரோ மாதிரிதான் இருக்கும். கேக்கறவங்களுக்கு உன் குரல் இப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.' உண்மைதானே, எந்தப் புத்தகத்திலும் போட்டிருப்பார்கள். உண்மையைக் கொண்டுபோய்ப் பொய்யின் வாசலில் காவலுக்கு நிறுத்தினான். அக்கா சட்டைகளை மடித்துக்கொண்டே, 'அப்படியா. இவ்வளவு நாளா இதையா ஜனங்க கேட்டாங்க' என்றாள். ஹோட்டலுக்குப் போவது அந்த மாதமே நின்றது. தொண்டை சரியில்லை என்றாள். அவளை ஹோட்டலில் கேட்டிருந்த ஒரு இசையமைப்பாளர் தேடி வந்து, தட்டைப் போட்டுக் கேட்டு, கொஞ்சம் யோசித்து, 'நேர்ல வேற மாதிரி இருந்ததே' என்றார். அவர் அதைச் சந்தேகமாகக் கேட்டார். அவள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். அப்போதும் அவன் பக்கத்தில்தான் நின்றான், டிபன் தட்டைப் பிடித்துக்கொண்டு. பிறகு துறைமுகத்தில் டைப்பிஸ்ட் வேலை, கல்யாணம், இரண்டு பெண்கள், கணவர் இறந்தது, அவன் வீட்டு மாடியில் குடிவந்தது. பாடகர் குழுவை மட்டும் விடவில்லை, விட்டால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். வங்கியில் சேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்கன் வாசிப்பது அவன்தான். ஆர்கன் வாசிப்பவன் பீடத்துக்கு முதுகு காட்டி உட்கார்வதால் மேலே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கும், பாஸ்டரையும் குழுவையும் பார்த்துக்கொள்ள. அந்தக் கண்ணாடியில் வாராவாரம் அக்கா தெரிவாள், இரண்டாவது வரிசை, இடப்பக்கம் மூன்றாவது. வாய் திறந்து மூடும். சத்தம் வராது. முதலில் அவனுக்குச் சந்தேகமாக இருந்தது, ஒரு கிறிஸ்மஸில் வேண்டுமென்றே ஆர்கனைத் தணித்து வாசித்துப் பார்த்தான், பதினோரு பேர் பாடினார்கள், பன்னிரண்டு வாய் அசைந்தது.

மூன்று ஐம்பத்தொன்று. கடைசிப் பாட்டு, ஈரச் சுவர். 'சுவருக்கும் வேர்க்கும், என் சொல்லுக்கும் வேர்க்கும்' என்று ஆரம்பம். ஒன்பது நிமிஷம். சொல்ல வேண்டும், சொன்னால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, எழுபத்தாறு வயசில் ஒருத்திக்கு எப்போதோ நல்ல குரல் இருந்தது என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது, இரத்த அழுத்தம்தான் ஏறும், இதை இப்போது இறக்கிவைப்பது அவளுக்காகவா உனக்காகவா. இதுவும் நல்ல கேள்விதான், மொட்டைமாடியில் சொன்ன உண்மை மாதிரி நல்ல கேள்வி. இந்த மாதிரி நல்ல கேள்விகளை வைத்தே நாற்பது வருஷம் ஓட்டிவிட்டான். நிஜம் என்னவென்றால் போன செவ்வாய்க்கிழமை, மனைவி பள்ளிக்கூட வேலைக்குப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் வேகத்தைத் தொண்ணூற்று நாலு சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டிப் பார்த்தான். அவள் வந்தாள். அப்படியே, அந்த அறையிலிருந்து, முப்பத்தாறு வயசில், மொத்த உடம்போடு. அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். ஆனால் எழுந்தது குரலைக் கேட்டு மட்டும் இல்லை. பின்னால் சிந்தசைசர் இருந்தது. நல்ல கரண்டில் பதிந்த சிந்தசைசர், இப்போது அரைக் கட்டை கீழே இறங்கி, ஈர மணலில் கால் புதைகிறவன் மாதிரி இழுத்து இழுத்து, ரிதம் பாக்ஸ் தூங்கி விழுந்து எழுந்து. அவள் சரியானால் அவன் கோணலாகிறான். அவன் சரியாக இருந்தால் அவள் பொம்மை. ஒரே டேப்பில் இரண்டு பேரும் சரியாக இருக்க வழியே இல்லை. கடலுக்கு அப்பால் எங்கெங்கோ இருக்கிறவர்கள் இந்தத் தட்டைப் பற்றி எழுதியதை மிருணாளினி அனுப்பியிருந்தாள், எண்பத்திரண்டில் சென்னையில் இப்படி வாசித்தவன் யார் என்று கேட்டிருந்தார்கள். அவனைத்தான். ஐம்பத்தொன்பது வயசில், வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற அவனை. குரலைப் பற்றி 'வேற்றுக் கிரகத்துக் குரல்' என்று ஒரு வரி. அதை அவன் அக்காவுக்குப் படித்துக் காட்டினான். சிந்தசைசரைப் பற்றி எழுதியதைப் படித்துக் காட்டவில்லை, ஆனால் பதினைந்து தடவையாவது படித்தான். ஆக இரத்த அழுத்தமும் இல்லை, கருணையும் இல்லை, பயம்கூட முழுசாக இல்லை. அந்தப் பதினைந்து தடவைதான். சீ என்று இருந்தது. சீ என்று இருப்பதாலேயே மனசு கொஞ்சம் லேசானதும் தெரிந்தது, அதற்கும் ஒரு சீ.

"நெகி."

"என்னக்கா?"

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். கை இரண்டும் பச்சையாக இருந்தன. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு, "நீ நல்லா வாசிச்சிருக்கேடா. அன்னிக்கு எனக்குத் தெரியல. எவ்வளவு நல்லா வாசிச்சிருக்கே. என் குரல்தான் உனக்குக் கெடுத்துடுச்சு. வேற யாரையாவது வெச்சிருந்தீன்னா நீ எங்கயோ போயிருப்பே" என்றாள்.

அவனுக்குக் காது அடைத்தது. பாட்டு முடிந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை, முடிந்திருக்க வேண்டும், மேஜை மேல் போன் அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குத்தான் அது பக்கம். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். "சொல்லும்மா. கேட்டேன், முழுசாக் கேட்டேன். எனக்கென்னம்மா ஆட்சேபணை, தம்பி வாசிச்சதுக்காகவாவது..."

"அக்கா, ஓகே சொல்லாதே."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடச் சொல்லு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தபடியே போனில், "அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. "அது உன் குரல் இல்லக்கா" என்றான். "நீ பாடின அன்னிக்கு ஜெனரேட்டர்ல கரண்ட்டு கம்மி. டேப் மெதுவா ஓடிச்சு. அதனால உன் குரல் மட்டும் மேல ஏறிடுச்சு. பத்ரி சார் முள்ளைப் பாத்துட்டு வரச் சொன்னாரு. நாப்பத்தேழுல நின்னுச்சு. நான் அம்பதுன்னேன். நீ பாடினது இப்படி இல்ல. நீ எப்பவுமே இப்படி இல்ல."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா அவன் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது தெரிந்தது, கீரையில் புழு பார்ப்பது மாதிரி, இலையைத் திருப்பித் திருப்பி.

"உனக்கு என்னிக்குத் தெரியும்?"

"அன்னிக்கேக்கா."

"என்னிக்கே? பாடின அன்னிக்கா, தட்டு வந்த அன்னிக்கா?"

"ரெண்டு அன்னிக்கும்."

அவள் தலையை ஆட்டினாள், ஏதோ ஒரு முகவரி சரிதான் என்கிற மாதிரி. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. "மொட்டைமாடியில வெச்சு உன்னைக் கேட்டேன்" என்றாள் அக்கா. "நாப்பது வருஷம் கோயில்ல சும்மா வாயை அசைச்சுக்கிட்டு நின்னேன்டா, கர்த்தருக்கு முன்னாடி." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டியிருந்தால், கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருந்தால். அவள் நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள். "சரி பண்ண முடியுமா?"

"மெதுவாக்கலாம். ஆனா வாத்தியமெல்லாம் இழுக்கும். நான் வாசிச்சது பூரா..."

"போடு."

அவன் குனிந்து வேகத்தைத் தொண்ணூற்று நாலுக்குக் கொண்டுவந்து கடைசிப் பாட்டை முதலிலிருந்து வைத்தான். ரிதம் பாக்ஸ் நொண்டிக்கொண்டு வந்தது. சிந்தசைசர் ஆரம்பித்தது, யாரோ சாகக் கிடக்கிற மாதிரி. அவனுக்கு முதுகு கூசியது, கையை நீட்டி நிறுத்திவிடலாமா என்று விரல் எழுந்ததும் உண்மை. அப்போது சுவருக்கும் வேர்க்கும் என்று அவள் உள்ளே வந்தாள். அறைக்குள் ஒரு ஆள் கூடின மாதிரி இருந்தது. அக்கா இரண்டு கையையும் மேஜையின் விளிம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வரி, மூன்றாவது வரி. அவள் அழவில்லை, அவன் அதை எதிர்பார்த்திருந்தான், தன் அழுகையையும் சேர்த்து. அவள் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டு உள்ளே காலடிச் சத்தம் வருகிறதா என்று கேட்பவளைப் போல இருந்தாள். பிறகு திரும்பாமலே, "நீ கொஞ்சம் வெளியில போடா" என்றாள்.

"அக்கா..."

"போ. உன்னை வெச்சுக்கிட்டு என்னால கேக்க முடியல."

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். எங்கே போவது என்று தெரியாமல் மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்தான். இத்தனை சீக்கிரம் முடிந்துவிட்டதா என்றும் இருந்தது, எதுவும் முடியவில்லை என்றும் இருந்தது. லேசாகிவிட்டதா என்று தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இல்லை, சுமை இடம் மாறியிருக்கிறது, இவ்வளவு நாள் அதை அவன் மட்டும் தூக்கினான், இப்போது அவளிடம் ஒரு முனையைக் கொடுத்தாயிற்று, அவள் கேட்காமலே. எழுபத்தாறு வயசில். உள்ளே பாட்டு போய்க்கொண்டிருந்தது. கதவு வாத்தியத்தை வடிகட்டிவிட்டது, அடிக்குரல் மட்டும் மரத்தின் வழியாக வந்தது, படியில் கை வைத்திருந்த இடத்தில் அது தெரிந்த மாதிரி இருந்தது, பிரமையாகவும் இருக்கலாம். ஒன்பது நிமிஷமும் இன்னும் கொஞ்சமும் ஓடி முடிந்தது. கூப்பிடுவாள் என்று எழுந்து நின்றான். கூப்பிடவில்லை. பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவளுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தான், தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். சுவருக்கும் வேர்க்கும். நடுவில் போன் அடித்தது. மிருணாளினியாகத்தான் இருக்கும், ஐந்து நிமிஷத்தைத் தாண்டிப் பொறுத்திருக்கிறாள். உள்ளே பாட்டு நின்றது. அவன் கதவருகே போனான், கைப்பிடியைத் தொடவில்லை.

"இல்லம்மா, ஓகே இல்ல" என்றாள் அக்கா. "தப்பான ஸ்பீடுல வெச்சிருக்கீங்க. குறைக்கணும். தொண்ணூத்தி நாலுன்னு இங்க போட்டிருக்கு, அதை எழுதிக்கோ... ஆமா, வாத்தியம் இழுக்கும். நானும் கேட்டேன். இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும்." அந்தப் பெண் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், சாரைக் கேட்க வேண்டாமா என்று கேட்டிருக்கலாம், அல்லது இப்படித் தடித்து, தரையிலிருந்து எழும்பி வரும் குரலை முன்பு போனில் கேட்டிராததால் யார் பேசுவது என்றே கேட்டிருக்கலாம். பிறகு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி அக்கா சொன்னாள்.

"பாடினவ பேசறேன்."